மாமியார் கேட்ட குரல்

அந்தக் கருவிக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாதது. தொழிலாளர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே கால் வைத்தவுடனே குரலைக் கேட்டுக் குற்றம் கண்டுபிடிக்கிற ஆளை வேறு எப்படி அழைப்பது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டி பாகங்களுக்குக் குரோமிய முலாம் பூசுகிற தொழிற்சாலை அது. உடை மாற்றும் அறையின் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மாமியார் மாட்டப்பட்டிருந்தாள். ஒவ்வொருவரும் அவள் முன்னால் நின்று தன் பெயரைச் சொல்லி, "வேலைக்கு வந்திருக்கிறேன்" என்று அறிவித்து, பிறகு மூச்சு தீரும்வரை "ஆ" என்று இழுக்க வேண்டும். பச்சை எரிந்தால் வருகை பதிவாகும். சிவப்பு எரிந்தால் குரல்வளையில் ஏதோ சரியில்லை என்று பொருள்.

அமிலத் தொட்டிகளிலிருந்து எழும் ஆவியை வருடக்கணக்கில் சுவாசிக்கிறவர்களுக்குத் தொண்டையில் புற்று வரும் ஆபத்து அதிகம் என்பது உலகத்துக்கு எப்போதோ தெரியும். தெரிந்த பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் இத்தனை காலம் பிடித்தது. கடைசியில் ஒரு சட்டம் வந்தது. தொட்டிகளுக்கு மேல் ஆவியை உறிஞ்சும் கூண்டுகளைப் போடு, அல்லது குரல் கேட்கும் கருவியை மாட்டு. கருவி சொல்லி ஒருவருக்காவது நோய் உறுதியானால் கூண்டு கட்டாயம். கூண்டைவிட மாமியார் மலிவு. எனவே தொழிற்பேட்டை முழுக்க மாமியார்கள் வந்து இறங்கினார்கள்.

சிவப்பு வாங்கியவருக்கு அரைச் சம்பளத்தோடு ஓய்வு கொடுப்பார்கள். தொட்டிக்காரர்கள் எல்லோரும் ஒப்பந்த ஆட்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் சிவப்பு வாங்கிய இருவருக்குப் பரிசோதனை முடிவு வருவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆள் பட்டியலிலேயே இல்லை என்றால் நோயும் இல்லை, கூண்டும் இல்லை. அதனால் புற்றுக்குப் பயந்தவர்களைவிட அந்தச் சின்னச் சிவப்பு விளக்குக்குப் பயந்தவர்கள்தான் அதிகம்.

பரந்தாமனுக்கு இந்தப் பயம் கிடையாது. அவர் ஸ்டாஃப். முலாமின் தரத்தைச் சோதிக்கிற ஆய்வாளர், நிரந்தர வேலை. ஸ்டாஃப் என்றால் மாமியாரிடம் வாய் திறக்க வேண்டாம்; வேறு வாசலில் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போகலாம். அந்தக் கட்டைவிரலால் அவருக்கு வந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. தொட்டிகளுக்கு நடுவே ஏசி போட்ட கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வெளியே ஆவிக்குள் நடமாடுகிற பதினோரு பேரைப் பார்க்கும்போதெல்லாம், கீழே விழாமல் பிழைத்துக்கொண்டோம் என்று தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக்கொள்வார்.

இன்னொரு மிதப்பும் இருந்தது. அவர் மிமிக்ரி செய்வார். கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் குழு தண்ணீர் குடிக்கிற இடைவெளி அவருடையது. நடிகர்கள், தலைவர்கள், ரயில் நிலைய அறிவிப்பு, ஆம்லெட் பொரியும் சத்தம் எல்லாம் வரும். ஆம்லெட்டுக்குத்தான் கைத்தட்டல் அதிகம் என்பதை ஒரு கலைஞனாக ஜீரணித்துக்கொள்ள அவருக்கு வெகுநாளாயிற்று.

எல்லாம் எத்திராஜின் சளியில் தொடங்கியது. எத்திராஜ் குரோமியத் தொட்டிக்காரன், பரந்தாமனைவிடப் பத்து வயது சிறியவன், அவருடைய நிகழ்ச்சிகளுக்கு ஓசியில் மைக் பிடிக்கிறவன். மழைக்காலத்தில் ஒருநாள் காலை கழுத்தில் துண்டோடு கண்ணாடி அறைக்கு வந்தான்.

"ண்ணா, தொண்ட கட்டிக்கிச்சு. மாமியா முன்னாடி போனா செவப்புதான்."

"சளிதானடா. வெந்நி குடி, சரியாப்பூடும்."

"சளின்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா? ஒருவாட்டி எனக்காகப் பேசிடேன். போன மாசம் ரிசப்ஷன்ல என்ன மாதிரி பேசி எம் பொண்டாட்டியவே சிரிக்க வெச்சல்ல."

புத்தியுள்ளவன் மாட்டேன் என்றிருப்பான். ஆனால் செய்துகாட்டு என்று யாராவது கேட்டால் பரந்தாமன் சுடுகாட்டிலும் செய்துகாட்டுகிற ஆள். உடை மாற்றும் அறையில் கேமரா வைக்க முடியாது. அங்கே நடப்பது மாமியாருக்கும் தொண்டைக்கும் மட்டுமே தெரியும். அவர் போய் நின்றார். எத்திராஜ் மாதிரியே தோளைக் குலுக்கிக்கொண்டு, எத்திராஜ் மாதிரியே 'வந்திருக்கிறேன்' என்பதை வேகமாக முழுங்கி, நீளமாக ஒரு "ஆ" இழுத்தார். பச்சை எரிந்தது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆம்லெட்டுக்கு வாங்கியதைவிடப் பெரிய கைத்தட்டல்.

அவ்வளவுதான், பழக்கமாகிவிட்டது. முதலில் தொண்டை சரியில்லாதவர்கள் கேட்டார்கள். பிறகு, சரியாக இருக்கிறதா என்று தெரியாதவர்கள் கேட்டார்கள். வருடம் முடிவதற்குள் பதினோரு பேரும் அவர் வாயால்தான் வேலைக்கு வந்தார்கள். காதர் பாட்சாவின் மூக்குப் பேச்சு, டில்லிபாபுவின் இழுவை, அந்தோணிசாமியின் கனத்த தொண்டை என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் துவைத்து இஸ்திரி போட்டு மாமியாரிடம் கொடுத்தார். அந்தோணிசாமியின் இருமலை மட்டும் எடுத்துவிட்டார். 'நம்ம தொண்டை தங்கம்' என்று மனைவி கஸ்தூரியிடம் பீற்றிக்கொண்டார். "தங்கமா இருந்தா அடகு வெக்கலாமே" என்று அவள் சொன்னதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை எத்திராஜுக்குச் சிவப்பு எரிந்தது.

பரந்தாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து ராத்திரி ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்டா" என்றார். காதர் பாட்சாவாகப் பேசினார். சிவப்பு. டில்லிபாபுவாகப் பேசினார். சிவப்பு. ஏழாவது ஆளுக்குள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மேடையில் சரியாக வராததை மறுபடி செய்து சரிக்கட்டுகிற கலைஞனின் வீம்பு. பதினோரு பேருக்கும் வரிசையாகச் சிவப்பு வாங்கிக்கொடுத்த பிறகுதான் அவர் வாயை மூடினார்.

இவ்வளவு பேருக்கு ஒரே நாளில் சிவப்பு வந்தால் செய்தி தானாகவே அரசாங்கத்துக்குப் போய்விடும். மதியமே அதிகாரி வந்து பிரிவுக்குச் சீல் வைத்தார். பதினோரு பேரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போகப் பொறுப்பான ஸ்டாஃப் ஒருவர் வேண்டும் என்றார்கள். தொழிற்சாலை மேலாளர் வரதராஜுலு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொறுப்பானவர் என்று பரந்தாமனைக் காட்டினார்.

டாக்டர் அமலோற்பவம் ஒவ்வொருவரின் மூக்கு வழியாகவும் மெல்லிய குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்தார். சிலருக்குப் புண், சிலருக்கு வீக்கம். புற்று ஒருவருக்கும் இல்லை. பரந்தாமன் வராந்தாவிலிருந்தே வரதராஜுலுவுக்கு ஃபோன் செய்தார்.

"அப்பாடா" என்றார் வரதராஜுலு. "அப்ப மெஷின் கோளாறு. எழுதிக் கொடுத்துட்டா செஞ்ச கம்பெனி மெஷினைத் திருப்பி எடுத்துக்கும். புது மெஷின் வர்றவரைக்கும் சட்டம் நம்மளக் கேக்காது. கூண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். வர்ற திங்கக்கிழமை தொட்டியைச் சூடு பண்ணச் சொல்லு."

வேலை போகாது என்று பதினோரு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தார்கள். பரந்தாமனும் குடித்தார். அப்போதுதான் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

மேசையில் கணினி திறந்திருந்தது. மாமியார் பதிவுசெய்த குரல்கள் ஒவ்வொன்றும் திரையில் ஒரு கோடாக ஓடின.

"இதைக் கேளுங்க" என்றார் டாக்டர். எத்திராஜ் பேசினான். காதர் பாட்சா பேசினார். அந்தோணிசாமி பேசினார். தன் திறமையைக் கேட்டு அந்த நேரத்திலும் பரந்தாமனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டார்.

"நல்லாத்தானே இருக்கு மேடம்."

"குரல் நல்லா இருக்கு. இங்க பாருங்க, இந்த நடுக்கம். எல்லாக் குரல்லயும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி. குரலை எப்படி வேணா மாத்தலாம் சார். குரல் நாண் அதிர்றதை மாத்த முடியாது. இது பதினோரு பேரோட குரல். ஆனா ஒரே ஒரு தொண்டை."

"மெஷினுக்கு அது தெரியலையா?"

"ஆள் அவர்தானான்னு பாக்க, ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க பழைய பதிவோட மட்டும்தான் அது ஒப்பிடும். பக்கத்து ஆளோட ஒப்பிடச் சொல்லி யாரும் அதுக்குக் கத்துக்கொடுக்கல. மனுஷன் இப்படியும் செய்வான்னு செஞ்சவங்களுக்குத் தோணியிருக்காது."

பரந்தாமன் சுவரில் இருந்த காது படத்தை ஆராய்ந்தார்.

"யாருன்னு நான் கேக்கல" என்றார் டாக்டர். "மெஷின் கோளாறு இல்லைன்னு மட்டும் எனக்குத் தெரியும். அந்தத் தொண்டை சீக்கிரம் வந்தா லேசர்லயே எடுத்துடலாம். லேட்டா வந்தா குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். நீங்க பேசுறப்பவும் அதே நடுக்கம் கேக்குது. சேர்ல சாஞ்சு உக்காருங்க."

குழாய் உள்ளே போனது. திரையில் அவருடைய குரல் நாண்கள் தெரிந்தன. அத்தனை நடிகர்களையும் தலைவர்களையும் பேசவைத்த இடம், பார்க்க ஒன்றுமே இல்லை, சின்னதாக ஈரமாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

"சிகரெட், குடி?"

"இல்ல மேடம். நான் தொட்டிப் பக்கமே போறதில்ல. ஸ்டாஃப். ஏசி ரூம்."

"அந்த ஏசிக்குள்ள காத்து எங்கேருந்து வருது?"

பரந்தாமன் யோசித்துப் பார்த்தார். ஏசி காற்றை இழுக்கும் வாய் தொட்டிகளைப் பார்த்துத்தான் இருந்தது. பதினோரு பேரும் வாசல் பக்கம் போய் அவ்வப்போது நல்ல காற்று வாங்கினார்கள். இவர் கதவைச் சாத்திக்கொண்டு, குளிரூட்டிய அமில ஆவியை இத்தனை வருடமாகக் கௌரவமாகச் சுவாசித்திருக்கிறார். சிரிப்பு வந்தது. குழாய் உள்ளே இருந்ததால் சிரிக்க முடியவில்லை. பிறகு பயம் வந்தது. பயத்துக்கு எந்தக் குழாயும் தடையாக இல்லை.

திட்டிலிருந்து கிள்ளி அனுப்பிய சதைத் துணுக்கின் முடிவு வந்தது. ஆரம்பநிலைப் புற்று. அறுவைக்குப் பிறகு பேச வரும், கரகரப்பாக வரும், மிமிக்ரி மட்டும் வராது என்றார் டாக்டர். சந்தேகமே இல்லையா என்று கேட்டார் பரந்தாமன். ஆம்லெட் வேண்டுமானால் வரலாம் என்று டாக்டர் சொல்லவில்லை, அவராகத்தான் நினைத்துக்கொண்டார்.

சத்தமில்லாமல் விடுப்புப் போட்டுச் சிகிச்சை எடுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை தொட்டி சூடாகும். மாமியார் கோளாறு என்று எழுதிவிட்டால் கூண்டு வராது. எத்திராஜும் மற்றவர்களும் அதே ஆவிக்குள் நிற்பார்கள், கேட்க ஒரு மாமியாரும் இருக்க மாட்டாள்.

"என் ரிசல்ட்டைக் காட்டினா கூண்டு போடுவாங்களா மேடம்?"

"சட்டத்துல தொழிலாளின்னுதான் இருக்கு. கருவியில குரல் பதிஞ்ச ஆளா இருக்கணும், கருவி சொல்லியிருக்கணும். ஸ்டாஃபுக்கு வந்தா அது உங்க சொந்த வியாதி."

மறுநாள் அவர் வரதராஜுலுவின் முன்னால் போய் நின்றார்.

"சார், என்னைத் தொட்டிக்கு மாத்திடுங்க. தொழிலாளியா."

வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா, வீட்ல சண்டையா?"

"கண்ணாடி ரூம் மூச்சு முட்டுது சார். பேன்ட்டு ஷர்ட்டும் எனக்கு ஒத்துவரல."

"ஆளுங்கல்லாம் ஸ்டாஃபாக்குன்னு வந்து நிப்பானுங்க. உன் ஒருத்தனைத்தான் பாக்கறேன். சம்பளம் கொறையும், ஸ்டாஃப் கேன்டீன் கெடையாது."

"அங்க சாம்பார் சரியில்ல சார்."

ஒரு ஸ்டாஃபின் சம்பளம் மிச்சமாகும் என்று புரிந்ததும் வரதராஜுலு அதற்கு மேல் கேட்கவில்லை. நிரந்தரத் தொழிலாளி என்று உத்தரவு போட்டார். நிரந்தரம் என்கிற அந்த ஒரு சொல்லை அவர் கவனித்திருக்க வேண்டும். ஒப்பந்த ஆளை அனுப்புவதுபோல் இந்த ஆளை அனுப்ப முடியாது.

திங்கட்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். பரந்தாமன் முதல்முறையாகத் தன் பெயரைச் சொல்ல மாமியார் முன்னால் நின்றார்.

"நான் பரந்தாமன், வேலைக்கு வந்திருக்கிறேன்."

"முதல் பதிவு. இயல்பான குரலில் பேசவும்" என்றாள் மாமியார்.

மறுபடி சொன்னார். மறுபடியும் அதே பதில்.

"ரயில்வே ஸ்டேஷன் மாரி வருதுண்ணா" என்றான் டில்லிபாபு.

"இப்ப மேனேஜர் மாரி வருது" என்றார் காதர் பாட்சா.

"வூட்ல அண்ணிகிட்ட எப்டிப் பேசுவியோ அப்டிப் பேசுண்ணா" என்றான் எத்திராஜ்.

"அங்க நான் எங்கடா பேசறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். பரந்தாமனுக்கு வியர்த்தது. ஊரிலுள்ள குரல் எல்லாம் வருகிறது, சொந்தக் குரலைத் தேடினால் பை காலியாக இருக்கிறது. கண்ணை மூடினார். அந்த வெள்ளைத் திட்டு தெரிந்தது. பிழைப்போமா என்று பயமாக இருந்தது. "நான் பரந்தாமன்" என்றார். சின்னக் குரல், யாரும் காசு கொடுத்துக் கேட்க மாட்டார்கள். மாமியார் ஏற்றுக்கொண்டாள். "ஆ" என்று இழுத்தார். சிவப்பு எரிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எத்திராஜின் முகம் வெளுத்துவிட்டது. "ண்ணா, எங்களுக்குப் பேசிப் பேசித்தான் உனுக்கு இப்டி..."

"பேசுனதால வரலடா" என்றார் பரந்தாமன். "மூச்சு வுட்டதால வந்துச்சு."

கூண்டுகள் வந்தன. கூண்டு வந்த இடத்தில் மாமியார் தேவையில்லை என்று அவளைச் சுவரிலிருந்து கழற்றினார்கள்; நோயாளிகளுக்கு ஃபோனில் மட்டும் இருந்தாள். வரதராஜுலு ஒவ்வொரு கூண்டையும் தன் சொந்தப் பணத்தில் வாங்கியதுபோல் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பரந்தாமனுக்கு லேசர் சிகிச்சை நடந்தது. புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது, பேசினால் தழும்பு விழுந்து உள்ள குரலும் கெட்டுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கழுத்தில் ஒரு சின்னச் சிலேட்டை மாட்டிக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்தார். கஸ்தூரிக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. சம்பளத்தோடு விடுப்பு வேண்டுமென்றால் நோயாளி தினமும் ஃபோனில் மாமியாரிடம் பேச வேண்டும். சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், தொண்டையைத் தவிர.

"நீ இன்னாத்துக்குக் கவலப்படற?" என்றான் எத்திராஜ். "நாங்க பேசறோம்."

அறுவைக்குப் பிறகு குரல் மாறும் என்பதால் மாமியார் இப்போது ஆளைச் சந்தேகிப்பதில்லை, தொண்டையை மட்டும்தான் பார்ப்பாள். முறைவைத்து, ஆளுக்கொரு நாள் வந்து, பரந்தாமன் எதிரிலேயே உட்கார்ந்து பரந்தாமனாகப் பேசினார்கள். சகிக்கவில்லை. டில்லிபாபு பேசியதைக் கேட்டு, நான் என்ன ஆட்டுக்குட்டியா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். பச்சை எரிந்தது. தன் வாழ்நாள் வித்தை இவ்வளவு சுலபமா என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

பிறகு எத்திராஜின் முறை வந்தது. அன்று அவன் வேலை நெருக்கடியில் வீட்டுக்கு வராமல் தொழிற்சாலையிலிருந்தே பேசினான். மாலைக்குள் பரந்தாமனுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சிவப்பு, உடனே வரவும்.

நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்தார். பேருந்தில் கஸ்தூரி அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் அவருக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

டாக்டர் குழாயை விட்டு நெடுநேரம் பார்த்தார். "சுத்தமா இருக்கு. அழகா ஆறிட்டு வருது" என்றார். பிறகு நிமிர்ந்து, பள்ளிக்கூட வாத்தியார் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "இன்னிக்கு உங்களுக்காகப் பேசினது யாரு?"

பரந்தாமனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எத்திராஜின் பெயரைச் சிலேட்டில் எழுதினார்.

டாக்டரே எத்திராஜுக்கு ஃபோன் செய்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"மெஷின் கோளாறா இருக்கும் மேடம்" என்றான் எத்திராஜ். "போன தபா நீங்களே பாத்தீங்களே, ஒண்ணும் இல்லன்னீங்க."

"அப்ப புண்ணு இருந்தது. ரெண்டு மாசம் ஆச்சு. நாளைக்குக் காலைல வாங்க."

"எனக்கு வர்ற மாசம் கான்ட்ராக்ட் முடியுது மேடம். ஆஸ்பத்திரி பக்கம் பாத்தாங்கன்னா புதுப்பிக்க மாட்டாங்க. முடிஞ்சதும் வரேன்."

"முடிஞ்சதும்னா எப்ப?"

"வரேன் மேடம்."

அவன் வர மாட்டான். மருத்துவர் சொல்லி அவன் எதையும் கேட்டதில்லை, அம்பத்தூரில் அவன் ஒரே ஒரு ஆள் சொன்னால்தான் கேட்பான். கஸ்தூரி பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். பரந்தாமன் தலையசைத்து மறுத்தார். சிலேட்டைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

"வேணாம்" என்றார் டாக்டர். "இன்னும் ஆறலை. நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"எத்திராஜு. வாடா."

தகரத்தை இழுத்ததுபோல் வந்தது. எந்த நடிகனும் அதில் இல்லை, எந்தத் தலைவனும் இல்லை. வலித்தது.

"யாருங்க பேசறது?" என்றான் எத்திராஜ்.

வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்வியை வரவழைக்கத்தான் அவர் பாடுபட்டார். இப்போது அது தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

"நான்தாண்டா" என்றார்.

அந்தப் பக்கம் எத்திராஜ் அழுவது கேட்டது.

"பேசாதண்ணா. பேசாத. நான் வரேன்."